அல்சேஷன் பெட்டையைச் சினைப்படுத்தலாமா? சாட்ஸ்வர்த் வாசகர் ஒருவருக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் 41 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கிறார். ஓவர்டைம் நின்றுபோனதால் வீட்டு வருமானம் குறைந்திருக்கிறது. மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், தாயார் ஆகியோருடன் சுவர் பகிர்ந்த ஒட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். பின்புறம் சிமென்ட் போட்ட சிறிய முற்றம். விளம்பரம் பார்த்து, பதிவுத் தாள் எதுவுமின்றி, ஐந்து வாரக் குட்டியாக வாங்கிய அல்சேஷன் பெட்டைக்கு இப்போது 14 மாதம். அது பிப்ரவரியில் முதல்முறை பருவத்துக்கு வந்தது. ஆகஸ்டில் மீண்டும் வரும் என எதிர்பார்க்கிறார். அடுத்த தெருவில் இருக்கும் நண்பரிடம் அதே இனத்து ஆண் நாய் இருக்கிறது. அந்நியர் யாரைக் கண்டாலும் கதவில் பாயும் நாய் என்பதால் குட்டிகள் நல்ல காவல் நாய்களாகும் என்று இருவரும் நம்புகிறார்கள். சேர்க்கைக்குக் கூலியாக ஒரு குட்டி தருவதாகப் பேச்சு. எட்டுக் குட்டிகள் பிறந்தால், குட்டி ஒன்று 3,000 ராண்டுக்கு விற்றால், 24,000 ராண்ட் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

தாயார், ஒருமுறையாவது ஈன்றால்தான் பெட்டையின் உடம்பு நல்லபடி இருக்கும் என்கிறார். ஆனால் விளக்கேற்றிக் கும்பிடும் வீட்டுக்குள் நாய் ஈனக் கூடாது, முற்றத்துக் கொட்டகையே போதும் என்றும் சொல்கிறார். மனைவிக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. வாசகர் கேட்பவை இவை: நாய்க்கு வயது போதுமா? எங்கிருந்து தொடங்குவது? தாய்ப்பால் குடிக்கும் குட்டிகளுக்கு ஊசி எதற்கு? ஆறு வாரத்தில் விற்றுவிடலாமா? சட்டம் ஏதும் குறுக்கே நிற்குமா?

சகோதரரே, சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரும் ஆகஸ்டில் உங்கள் பெட்டையைச் சேர்க்கைக்கு விட வேண்டாம். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகு, உங்கள் ஆர்வத்தையும் பணத்தேவையையும் ஒதுக்கிவிடாமல், வேறு என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறேன். நல்லவேளையாகச் சேர்க்கைக்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு வருபவர்களில் பலர் வயிறு பெருத்த நாயை அழைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அப்போது பேச மிச்சமிருப்பது பிரசவத்தைப் பற்றி மட்டுமே.

உங்கள் வீட்டில் நிலவும் சில நம்பிக்கைகள்

ஒருமுறை ஈன்றால் பெட்டையின் உடம்புக்கு நல்லது என்பதை உங்கள் தாயார் மட்டுமல்ல, டர்பனில் எல்லாச் சமூகத்தாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. நடுவயதைக் கடந்த பெட்டைகளுக்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கோத்து உயிருக்கே ஆபத்தாகும் ஒரு நோய் உண்டு. இளம்வயதில் ஒருமுறை குட்டி ஈன்றிருப்பது அந்நோயைத் தடுப்பதில்லை. கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றும் அறுவைதான் தடுக்கிறது. ஆகவே உடல்நலம் கருதித்தான் இந்த முடிவு என்றால், அந்த நியாயம் உங்களைக் கருத்தடையின் பக்கம் அழைத்துச் செல்கிறதே தவிர, சேர்க்கையின் பக்கம் அல்ல.

அடுத்தது வயது. பருவத்துக்கு வந்துவிட்டால் தாயாகத் தகுதி வந்துவிட்டது என்று பொருள் அல்ல. ஆகஸ்டில் உங்கள் நாய்க்கு 16 மாதம்தான் ஆகியிருக்கும். பெரிய இன நாய்களுக்கு எலும்பு வளர்ச்சி அப்போதுதான் முடிந்திருக்கும், குணமோ இன்னும் நிலைபெற்றிருக்காது. இரண்டு வயதாவது நிரம்பட்டும் என்று பொறுப்புள்ளவர்கள் காத்திருப்பதற்கு இன்னொரு காரணம், அதற்குள் பரிசோதனைகளை முடிக்க வேண்டியிருப்பது. அல்சேஷன் இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறும் முழங்கை மூட்டுக் கோளாறும் பரம்பரையாக வருகின்றன. “சுவரையே தாண்டுகிறது, அதற்கென்ன குறை” என்று எழுதியிருக்கிறீர்கள். இளம்வயதில் சுவர் தாண்டும் நாயின் இடுப்பிலும் அந்தக் கோளாறு இருக்கலாம். மயக்க மருந்து கொடுத்து முறையாக எடுத்த எக்ஸ்ரே படத்தில்தான் அது தெரியும், அதுவும் ஒரு வயது நிரம்பிய பிறகு எடுத்த படமாக இருக்க வேண்டும். முதுகுத்தண்டு நரம்புகள் மெல்லச் சிதைந்து பின்னங்கால்கள் செயலிழக்கும் நோயும் இந்த இனத்தில் உண்டு. பெரும்பாலும் எட்டு வயதை ஒட்டித்தான் அது வெளிப்படும். அதற்குள் அந்த நாய் பல ஈற்றுகளுக்குத் தாயாகவோ தகப்பனாகவோ ஆகியிருக்கும். மரபணுச் சோதனை ஒன்றினால் அதை இளம்வயதிலேயே கண்டுகொள்ளலாம். இந்தச் சோதனைகளோடு, சேர்க்கையால் பரவிக் கருச்சிதைவையும் மலட்டுத்தன்மையையும் உண்டாக்கும் புருசெல்லா கிருமிக்கான இரத்தச் சோதனையும் வேண்டும். உங்கள் நாய்க்கு மட்டுமல்ல, நண்பரின் நாய்க்கும்.

அந்த ஆண் நாயின் குணத்தைப் பற்றிக் கடிதத்தில் பெருமையாக எழுதியிருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. யாரைக் கண்டாலும் பாயும் நாய்களில் பல பயத்தினால்தான் பாய்கின்றன. பயந்த சுபாவம் பிள்ளைக்கும் இறங்குகிறது. நல்ல காவல் நாய், வந்தவரைப் பார்த்து, உரிமையாளரின் குரலைக் கேட்டு, அடங்கத் தெரிந்த நாய். நம் நாட்டுச் சட்டத்தில், வளர்ப்புப் பிராணி தானாகப் பாய்ந்து ஒருவருக்குக் காயம் விளைவித்தால், உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்காமலேயே அவரிடம் இழப்பீடு கோர முடியும். ரோமானிய-டச்சுச் சட்டத்திலிருந்து வந்த பழைய நெறி இது. மூன்று நாய்கள் தெருவில் சென்ற ஒருவரைக் கடித்துக் குதறிய வழக்கில், வேறு யாரோ வாயிற்கதவைத் திறந்துவிட்டிருக்கக்கூடும் என்ற உரிமையாளரின் வாதத்தை ஏற்காமல், அவரே பொறுப்பு என்று 2020-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் விற்கும் குட்டியை வாங்குபவரின் தலையில் இந்தச் சுமை ஏறும் என்பதை நினைத்துத்தான் தகப்பன் நாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த 24,000 ராண்ட்

உங்கள் கணக்கில் முதல் பிசகு எளிமையானது: எட்டில் ஒன்று நண்பருக்குப் போனால் மிஞ்சுவது ஏழு, அதாவது 21,000. ஆனால் எட்டுக் குட்டி பிறக்கும் என்று யார் சொன்னது? மூன்றும் பிறக்கலாம், பதினொன்றும் பிறக்கலாம். பிறந்தவை எல்லாம் தங்கும் என்பதும் நிச்சயமில்லை, இறப்பவற்றில் பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே இறக்கின்றன.

செலவுப் பக்கத்தை நீங்கள் எழுதவே இல்லை. இரு நாய்களுக்கும் மேற்சொன்ன பரிசோதனைகள், சினையை உறுதிசெய்ய நான்காம் வாரத்தில் ஸ்கேன், குட்டிகளை எண்ண 55-ஆம் நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே, பால் கொடுக்கும் காலத்தில் வழக்கத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு வரை தாய் தின்னும் தரமான உணவு, மூன்றாம் நான்காம் வாரத்திலிருந்து குட்டிகளுக்குத் தனி உணவு, தாய்க்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பலமுறை குடற்புழு மருந்து, முதல் தடுப்பூசி, மைக்ரோசிப். இவை எல்லாம் நல்லபடி நடந்தால் ஆகும் செலவுகள். நள்ளிரவில் சிசேரியன் செய்ய நேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று உங்கள் பகுதியில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவமனை ஒன்றில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தொகை கையிருப்பாக இல்லாதவர் சேர்க்கையைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிராணிகளுக்கான காப்பீடு எடுத்திருந்தாலும் பிரசவச் செலவுகளைப் பெரும்பாலும் அவர்கள் ஏற்பதில்லை. இவற்றோடு உங்கள் இரவு ஷிப்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு இரவில் யாராவது ஒருவர் குட்டிகளின் அருகில் படுத்திருக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போனால் அந்த ஒருவர், இந்த யோசனையே பிடிக்காத உங்கள் மனைவியாகத்தான் இருப்பார். அவருடைய சம்மதம் இல்லாமல் இதைத் தொடங்குவது நாய்க்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல.

விலைபோகாத குட்டிகளையும் எண்ணிப் பாருங்கள். பதிவுத் தாள் இல்லாத அல்சேஷன் குட்டிகளுக்கான விளம்பரங்கள் எந்த வாரமும் ஏராளமாக வருகின்றன. பன்னிரண்டு வாரமாகியும் போகாத நான்கு குட்டிகள் உங்கள் சிமென்ட் முற்றத்தில் இருந்தால், அவற்றின் தீனிக்கே உங்கள் இலாபம் போய்விடும். அவற்றை எஸ்.பி.சி.ஏ. எனும் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். அங்கே ஏற்கெனவே இடமில்லை. பொறுப்புள்ள நாய் வளர்ப்பாளர், வாங்கியவருக்கு என்ன நேர்ந்தாலும், எத்தனை ஆண்டு கழித்தானாலும், அந்த நாயைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுப்பார். உங்கள் வீட்டில் அதற்கு இடமிருக்கிறதா? உங்கள் வீட்டுக்காரர் அனுமதிப்பாரா?

நாள்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள்

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆகஸ்ட் 25-ஆம் தேதி சேர்க்கை நடந்தால் அக்டோபர் 27-ஆம் தேதியை ஒட்டி ஈற்று வரும். சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தீபாவளி வெடிகளும், அதன் முன்னோ பின்னோ நவம்பர் 5-ஆம் தேதி, பிரிட்டிஷ் மரபில் வந்த ‘கை ஃபாக்ஸ்’ நாளின் வெடிகளும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது குட்டிகளின் காதுகள் திறந்திருக்காது, அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தாய்க்குக் கேட்கும். மிரண்ட தாய் பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்து குட்டியை மிதிக்கும், மேலே படுத்து நசுக்கும், வாயில் கவ்விக்கொண்டு ஒளிவிடம் தேடும். முதல் ஈற்றுத் தாய் என்றால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். குட்டிகளுக்கு எட்டு வாரம் நிறைவது டிசம்பர் 22-ஆம் தேதி. கிறிஸ்துமஸ் பரிசாக நாய்க்குட்டி கேட்டு வருபவர்கள் அந்த வாரத்தில்தான் வருவார்கள். அவர்களில் எத்தனை பேர் ஜனவரியில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகும் அதை விரும்புவார்கள் என்பது வேறு கேள்வி. அந்தக் குட்டி புது வீட்டில் கழிக்கும் முதல் இரவுகளில் ஒன்று டிசம்பர் 31 ஆக இருக்கும். இப்போது காது நன்றாகக் கேட்கும், அருகில் தாயும் இருக்காது. ஊரின் பண்டிகைகளையும் வெப்பத்தையும் விடுமுறைகளையும் பார்த்துச் சேர்க்கைக்கு நாள் குறிக்காமல், நாய் பருவத்துக்கு வந்தது என்பதற்காகவே விடுவது திட்டமிடுதல் ஆகாது.

ஈற்றும் முதல் மூன்று வாரங்களும்

இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். எதிர்காலத்தில் நீங்கள் இத்துறைக்கு வந்தால் உதவும். இப்போது, வேலையின் அளவு என்ன என்பதாவது தெரியும்.

தாயாரின் மன உணர்வை நான் மதிக்கிறேன். பூஜை அலமாரி இருக்கும் அறைக்குள் நாயை விட வேண்டியதில்லை. கதவுள்ள பின்தாழ்வாரமோ, குளிர்காற்று அடிக்காத கராஜோ போதும். ஆனால் முற்றத்துக் கொட்டகை ஆகாது. பிறந்த குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அது கிடக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். டர்பனில் குளிர் எங்கே என்று நினைப்பீர்கள். ஈரமான சிமென்ட் தரையும் விடியற்காலைக் காற்றும் போதும், ஒரு குட்டி விறைத்துப்போக. விறைத்த குட்டியின் வாய்க்குள் விரலை வைத்தால் உள்ளேயும் சில்லென்று இருக்கும். அந்த நிலையில் உடனே பாலைப் புகட்டத் தோன்றும், புகட்டாதீர்கள். குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது, மூச்சுக்குழலிலும் இறங்கிவிடும். முதலில் உங்கள் உடம்போடு அணைத்து மெதுவாகச் சூடேற்றி, குட்டி தானாக வாயைச் சப்பத் தொடங்கிய பிறகே தாயிடம் விட வேண்டும். சூட்டு விளக்கை மட்டும் நம்பியிருப்பவர்கள் மின்வெட்டு வந்தால் தவிப்பார்கள். ஆகவே துணி சுற்றிய வெந்நீர்ப் பைகளும் வெந்நீர் நிறைந்த ஃபிளாஸ்க்கும் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும்.

ஈற்று நெருங்குவதைத் தெர்மாமீட்டர் சொல்லும். கடைசி வாரத்தில் காலையும் மாலையும் ஆசனவாயில் சூடு பாருங்கள். வழக்கமான அளவிலிருந்து 37 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி தொடங்கும். அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராமலிருப்பது, உள்ளே இன்னும் குட்டிகள் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுவது, முதல் குட்டி வருவதற்கு முன்பே பச்சை நிற நீர் வருவது: இவற்றில் எது நேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் புறப்பட வேண்டும். சினைக்காலத்தில் எலும்புக்கு நல்லதென்று கால்சியம் மாத்திரைகளை அள்ளிக் கொடுப்பவர்கள் உண்டு. அது உடம்பு தன் கால்சியத்தைத் தானே எடுத்துப் பயன்படுத்தும் திறனைக் கெடுத்து, பால் கொடுக்கும் வாரங்களில் வலிப்பு வரவே வழி செய்யும். மிஞ்சிய பிரியாணியையும் வேகவைத்த எலும்புகளையும் நாய்க்கு வைப்பதாக எழுதியிருந்தீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. வெந்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கும். சினையானாலும் ஆகாவிட்டாலும், அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

குட்டிகள் பிறந்ததும் ஒவ்வொன்றின் கழுத்திலும் வெவ்வேறு நிறத்தில் தளர்வாக நூல் கட்டி, சமையலறைத் தராசில் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வர வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் வரை ஏறி, ஒன்றரை வாரத்துக்குள் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே எடையில் தெரிந்துவிடும். பச்சை நூல் குட்டி நேற்று 480 கிராம், இன்று 470 என்றால், அது நன்றாகத் தூங்குவதுபோல் இருந்தாலும் ஏதோ சரியில்லை என்று பொருள்.

தாய்ப்பால் குடிக்கும் குட்டிக்கு ஊசி எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். முதல் 24 மணி நேரத்தில் கிடைக்கும் சீம்பாலின் வழியே தாயின் எதிர்ப்பாற்றல் குட்டிக்குப் போகிறது என்பது உண்மைதான். ஆனால் தாய்க்கே முறையாக ஊசி போடாவிட்டால் கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது. கொடுத்ததும் வாரக்கணக்கில் கரைந்துவிடும், எந்தக் குட்டிக்கு எப்போது கரையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுப் பலமுறை போடுகிறோம். குட்டிகளைக் கொல்லும் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிர்ப்போடு கிடக்கும். முற்றத்தில் முன்பு எந்த நாய் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. குடற்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் நுழைந்துவிடுவதால், இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து தர வேண்டும். அந்தப் புழு மனிதருக்கும், முக்கியமாகச் சிறுபிள்ளைகளுக்கும் தொற்றும். உங்கள் பிள்ளைகளின் வயதைப் பார்த்தால் இதை நீங்கள் மறக்கக் கூடாது.

நம் பகுதியில் தனியாகச் சொல்ல வேண்டியது உண்ணிக் காய்ச்சல், எல்லாரும் பிலியரி என்று சொல்வது. தென்னாப்பிரிக்காவில் பரவலாக உள்ள இதன் கிருமி மற்ற நாடுகளில் உள்ளதைவிடக் கொடியது. நாய் சோர்ந்து தீனியை ஒதுக்கினால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, சிறுநீர் கறுஞ்சிவப்பாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு எல்லா உண்ணி மருந்தும் ஆகாது, கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். ஜெயிஸ் ஃப்ளூயிட் எனும் கிருமிநாசினியைக் கலக்கி நாயைக் குளிப்பாட்டுவதும், குட்டிப் பெட்டியை அதனால் கழுவுவதும் நம்மிடையே உள்ள பழக்கம். நக்கினாலும் தோலில் பட்டாலும் அது நாய்க்கு விஷம்.

ஆறு வாரத்தில் விற்கக் கூடாது. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மனம் உலகத்தைக் கற்றுக்கொள்ளும் காலம். கடியை எவ்வளவு அழுத்தலாம் என்பதைத் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான் அது கற்கிறது. எட்டு வாரம் நிறைந்த பிறகே பிரிக்க வேண்டும். உங்கள் நாயை ஐந்து வாரத்தில் பிரித்து விற்றவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. கையைக் கடித்து விளையாடுவதை அது இன்னும் விடவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

சட்டம் கேட்பவை

நம் மாகாணமான குவாசுலு-நேட்டாலில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. மனித உயிர்களையும் அவ்வப்போது பலி வாங்குகிறது. நாய்க்கு அதற்கான தடுப்பூசி போடுவது சட்டப்படி கட்டாயம்: மூன்று மாதத்தில் முதல் ஊசி, குறைந்தது 30 நாள் கழித்து, ஓராண்டுக்குள் இரண்டாவது, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை. கடிதத்தில் முதல் ஊசியை மட்டுமே குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டாவது விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்; மாகாணக் கால்நடைத் துறையினர் நடத்தும் இலவச முகாம்களிலும் போடுவார்கள்.

1962-ஆம் ஆண்டின் பிராணிகள் பாதுகாப்புச் சட்டம், போதிய உணவும் இருப்பிடமும் சிகிச்சையும் தராமலிருப்பதைக் குற்றமாக்குகிறது, எஸ்.பி.சி.ஏ. ஆய்வாளர்கள் அதன்கீழ் நடவடிக்கை எடுக்க முடியும். ஒரு வீட்டில் எத்தனை நாய் வைத்திருக்கலாம் என்பதை நகராட்சி விதிகளும் உங்கள் வாடகை ஒப்பந்தமும் தீர்மானிக்கின்றன. இரண்டையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இருக்கிற நிலையிலேயே விற்கிறேன், அதாவது ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு யாரும் கேட்க முடியாது என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தே குறையை மறைத்தவருக்கு அந்த வாசகம் எப்போதுமே துணை நிற்காது. தொழிலாக விற்பவர் என்றால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும்; குறையுள்ளதை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமை உண்டு. ஒரே ஒரு முறை விற்பதும் தொழிலாகுமா என்பதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் விற்றால் தொழில் அல்ல என்று வாதிடுவது கடினம், வருமான வரிக் கணக்கிலும் அதைக் காட்ட வேண்டும்.

உங்கள் முன் உள்ள வழிகள்

நான் முதலில் பரிந்துரைப்பது, இந்தப் பெட்டைக்குக் கருத்தடை செய்து வீட்டு நாயாகவே வைத்துக்கொள்வதை. கையில் தாள் இல்லை, பெற்றோர் யாரென்று தெரியாது. பெற்றோர் இருவரும் பதிவு பெற்றிருந்தால்தான் பொதுவாகத் இன நாய்களைப் பதிவுசெய்யும் அமைப்பான தெற்கு ஆப்பிரிக்க கென்னல் யூனியனில், அதாவது குசாவில், குட்டிகளைப் பதிய முடியும். பிப்ரவரிப் பருவம் முடிந்து மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்ட இந்த இடைவெளி அறுவைக்கு ஏற்ற காலம். பெரிய இன நாய்களுக்கு மூட்டுகளின் நலன் கருதி இரண்டு வயதுவரை பொறுக்கலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அப்படிப் பொறுப்பதானால் அடுத்த இரண்டு பருவங்களில் நாயைக் காவல் காக்க உங்களால் முடியுமா என்பதையும் சேர்த்து யோசித்து, உங்கள் மருத்துவரோடு முடிவு செய்யுங்கள்.

நாய் வளர்ப்பில் உண்மையான ஆர்வம் இருந்தால், கற்றுக்கொள்வதற்குச் சொந்த நாய் ஈன வேண்டியதில்லை. குசாவில் இணைந்த அல்சேஷன் சங்கங்களின் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். அனுபவமுள்ள ஒருவரிடம், அவர் வீட்டு ஈற்றுக்கு உதவியாளாக வருகிறேன் என்று கேளுங்கள். பரிசோதனை முடிவுகளைக் கேட்டதும் முகம் சுளிப்பவரை விட்டுவிட்டு, கோப்பை எடுத்து நீட்டுபவரிடம் சேருங்கள். காப்பகங்களில் தாயில்லாக் குட்டிகளைச் சில வாரம் வீட்டில் வைத்து வளர்த்துத் தருபவர்கள் தேவைப்படுகிறார்கள். இரவில் எழுந்து பால் புகட்டும் அந்த வேலை உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவருகிறதா என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளில், சொந்த இடமும் கையிருப்பும் மனைவியின் சம்மதமும் அமைந்தால், பதிவும் பரிசோதனையும் உள்ள நல்ல பெட்டை ஒன்றோடு தொடங்கலாம். அப்போதும் அது குடும்பத்தைத் தாங்கும் வருமானமாக இராது. ஒழுங்காகச் செய்பவர்களில் பலர் போட்ட பணத்தை எடுத்தாலே திருப்தி அடைகிறார்கள். ஓவர்டைமுக்கு ஈடாக இதை எண்ணாதீர்கள்.

அறுவையைத் தள்ளிப்போட்டால் ஆகஸ்டில் கவனிக்க வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். இரத்தம் கசியத் தொடங்கியதிலிருந்து குறைந்தது நான்கு வாரம் அதைப் பூட்டிய கதவுக்குள் வைத்திருங்கள். மலஜலத்துக்கும் கயிற்றில் பிடித்தே வெளியே கொண்டுபோங்கள், முற்றத்துச் சுவரை நம்பாதீர்கள். இரத்தம் நின்றுவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் கட்டவிழ்த்து விடுகிறார்கள். கசிவு வெளிறி வைக்கோல் நிறமாகும் அந்த நாள்கள்தான் சினைபிடிக்க மிகவும் ஏற்றவை. ஒரே பருவத்தில் இரண்டு ஆண்கள் சேர்ந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகளும் பிறக்கலாம், ஆகவே ஒருமுறை தவறு நடந்துவிட்டது என்று காவலைத் தளர்த்தவும் கூடாது. அப்படி நடந்துவிட்டால் பிணைந்த நாய்களின் மேல் தண்ணீர் ஊற்றியோ இழுத்தோ பிரிக்காதீர்கள், இரண்டுக்கும் காயம் உண்டாகும். தாமாகப் பிரிந்த பிறகு, தேதியைக் குறித்துக்கொண்டு, சில நாள்களுக்குள் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சினையைத் தடுக்க மருத்துவ வழிகள் உண்டு. வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம்.